பழைய டீசல் லாரி என்ஜினில் சிலிண்டர் ஹெட் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

என்ஜின் பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவது, பார்க்கப் போனால், போல்ட்டுகளை அவிழ்த்து மீண்டும் முறுக்கும் வேலைதான். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு அதில் பெரிய வித்தை ஏதுமில்லை. ஆனாலும் மாற்றிய ஹெட் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடியும் தண்ணீர் தள்ளுகிறது என்ற புகார் ஓயாமல் வந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படி வரும் வண்டிகளில் போல்ட் முறுக்கியதில் குற்றம் இருப்பது குறைவு. முதல் ஹெட் எதனால் போனது என்று தேடாமல் விட்டிருப்பார்கள், அல்லது பிளாக்கின் மேற்பரப்பை ஒருமுறைகூட அளக்காமல், அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக வரும் கேஸ்கட்டை வைத்திருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி, கழற்றுவதையும் பூட்டுவதையும்விட, அவ்விரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டிய அளவெடுப்பில்தான் அதிக நேரம் நிற்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது, மெக்கானிக்கல் டீசல் பம்பும், கேம் ஷாஃப்ட்டின் அசைவை மேலுள்ள ராக்கருக்குக் கொண்டுபோய் வால்வைத் திறக்கும் புஷ் ராடும், வார்ப்பிரும்பு ஹெட்டும் கொண்ட நான்கு அல்லது ஆறு சிலிண்டர் நேர்வரிசை என்ஜின். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் 12 வால்வு என்ஜினைச் சொல்கிறேன். பரவலாகப் பழகிய என்ஜின் என்பதுதான் காரணம். உங்கள் என்ஜினுக்கான முறுக்கு அளவுகளும் இடைவெளிகளும் அந்த என்ஜினின் பட்டறைக் கையேட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரே குடும்பத்து என்ஜினிலேயே தயாரிப்பு ஆண்டு மாறினால் போல்ட்டும் முறுக்கு முறையும் மாறுவதுண்டு.

அந்த 12 வால்வு என்ஜினின் சிலிண்டர் விட்டம் 102 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய 82 சதுர சென்டிமீட்டர் பரப்பு. எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரை எட்டினால், ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை எட்டு டன்னுக்கு மேற்பட்ட விசையுடன் மேலே தள்ளுகிறது. 2000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 முறை இது நடக்கிறது. இதைத் தாங்க வேண்டியவை போல்ட்டுகளின் பிடிப்பும் கேஸ்கட்டின் மெல்லிய நெருப்பு வளையமும்தான். பின்னால் சொல்லப்படும் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு என்று தோன்றும்போது, இந்த எட்டு டன்னை நினைவில் கொள்வது நல்லது.

முதல் படி: ஹெட்தான் காரணமா என்று உறுதி செய்தல்

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைவது, ரேடியேட்டரில் குமிழி வருவது, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லைப் போல் இறுகுவது, காலையில் விடாத வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் நிறப் படிவு ஆகியவையே வழக்கமான அறிகுறிகள். இவற்றில் எதுவும் தனியாக நின்று ஹெட்டைக் குற்றவாளியாக்காது.

ஏர் பிரேக் உள்ள வண்டிகளில் மிக அதிகமாக ஏமாற்றுவது ஏர் கம்ப்ரசர். அதன் சிறிய ஹெட்டும் பெரும்பாலும் என்ஜின் கூலன்ட்டால்தான் குளிர்விக்கப்படுகிறது. அதன் கேஸ்கட் போனால், அழுத்தப்பட்ட காற்று நேராகக் கூலன்ட்டில் கலந்து, ரேடியேட்டரில் சிலிண்டர் ஹெட் போனது போலவே குமிழி விடும். காற்றுத் தொட்டிகள் நிறைந்து கம்ப்ரசர் சுமையின்றி ஓடும்போது குமிழி குறைந்து, பிரேக்கைப் பலமுறை மிதித்துக் காற்றை இறக்கிய பிறகு கம்ப்ரசர் மீண்டும் ஏற்றத் தொடங்கும்போது குமிழி கூடினால், சந்தேகத்தை முதலில் அதன்மேல் வையுங்கள். அதே போல, கூலன்ட்டில் ஆயில் மிதந்து, குமிழி மட்டும் இல்லையென்றால், ஆயில் கூலரைச் சோதிக்காமல் ஹெட்டில் கை வைக்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், கூலர் ஓட்டையானால் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும். வெட் லைனர் என்ஜினாக, அதாவது தனியாகச் செருகிய சிலிண்டர் குழாயின் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொடும் வகையாக, இருந்தால், லைனரின் வெளிச்சுவரில் அரிப்பால் ஏற்படும் ஊசித்துளைகளும், அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுப்போவதும் ஆயிலில் தண்ணீரைக் கலக்கும்.

கூலன்ட் அமைப்பை மூடியில் குறித்த அழுத்தத்துக்குக் கைப்பம்பால் ஏற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்ப்பது, சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிப்பது, டீசலுக்கான கேஜில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து தெளிவான விடை தரும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் சேர்ந்து இறங்கியிருந்தால், அவற்றின் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

ஹெட்தான் என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: என்ஜின் ஏன் சூடேறியது? ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கலாம், வாட்டர் பம்பின் விசிறித் தகடுகள் அரித்துப் போயிருக்கலாம், ஃபேன் கிளட்ச் பிடிக்காமல் இருக்கலாம், பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருக்கலாம். இதற்கு விடை தெரியும் வரை புதிய ஹெட்டுக்குப் பணம் செலவழிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் படி: வாங்கும் ஹெட் பொருந்துமா

வார்ப்பு எண்ணை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. கம்மின்ஸ் 12 வால்வு என்ஜினையே எடுத்துக்கொண்டால், டாட்ஜ் பிக்கப்புகளில் 1993 வரை வந்தவற்றில் இன்ஜெக்டர் நாசிலின் முனை 9 மில்லிமீட்டர். 1994 முதல் வந்தவற்றில் 7 மில்லிமீட்டர். இரண்டு ஹெட்டும் பிளாக்கில் உட்காரும், போல்ட் துளைகளும் பொருந்தும். இன்ஜெக்டரைப் போடும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே பழைய ஹெட்டைப் பக்கத்தில் வைத்து, இன்ஜெக்டர் துளை, வால்வு விட்டம், போர்ட்டுகளின் வடிவம், தண்ணீர் வழிகள், ராக்கர் பீடத்துக்கு ஆயில் ஏறும் துளை, மேனிஃபோல்டு ஸ்டட்டுகளின் மரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். வெறும் வார்ப்பாக வரும் ஹெட்டில் தண்ணீர் அறை மூடிகள், வழிகாட்டிக் குழாய்கள், சீட்டுகள் இருக்கின்றனவா என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஹெட்டை அதுவரை திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கழற்றுதல்

சூடான என்ஜினில் ஹெட் போல்ட்டைத் தொடக் கூடாது. வார்ப்பு சமமாகக் குளிர்வதற்குள் பிடிப்பைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். முந்தின நாளே வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கேபின் சாயும் வண்டியென்றால் அதன் பாதுகாப்புத் தாங்கியைப் பூட்டாமல் அடியில் தலை நீட்ட வேண்டாம்.

கூலன்ட்டை ரேடியேட்டரிலிருந்து மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகையும் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்டைத் தூக்கும் நொடியில் மீதித் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும், புஷ் ராடு துளைகள் வழியாக ஆயில் சம்ப்புக்குள்ளும் கொட்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் இனிக்கும், நஞ்சும்கூட. நாயோ பூனையோ நக்கும்படி திறந்த தட்டில் விடாமல் மூடிய கேனில் எடுத்து வையுங்கள்.

ஏர் கிளீனர் குழாய், டர்போவின் ஆயில் வரவும் வடிகாலும், சைலன்சர் இணைப்பு, மேனிஃபோல்டுகள் ஆகியவற்றைக் கழற்றுவதில் விளக்க வேண்டியது அதிகமில்லை. எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகள் மட்டும் அவசரப்பட்டால் முறியும். துரு கரைக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு, சுற்றியுள்ள வார்ப்பை லேசாகச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

டீசல் பைப்புகளைக் கழற்றும்போது பம்பின் மேலுள்ள டெலிவரி வால்வு ஹோல்டரை இரண்டாவது ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை அவிழ்க்க வேண்டும். அதைத் தவறவிட்டால் ஹோல்டரும் சேர்ந்து திரும்பி, நன்றாக இருந்த பம்பு கசியத் தொடங்கும். பைப்புகளைக் கிளாம்போடு ஒரே தொகுப்பாக எடுத்தால் திரும்பப் பொருத்துவது எளிது. திறந்த வாய் ஒவ்வொன்றையும், பம்பு, இன்ஜெக்டர், பைப், டர்போ என எதுவாக இருந்தாலும், உடனே மூடியால் அடையுங்கள். துணி திணிக்க வேண்டாம். அதன் இழை ஒன்று போதும் நாசிலைக் கெடுக்க. கியரால் ஓடும் பம்பு பிளாக்கிலேயே இருப்பதால் டைமிங்கைத் தொட வேண்டியதில்லை. கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலிருக்கும் வகை என்ஜினாக இருந்தால், முதல் சிலிண்டரை உச்சிப்புள்ளியில் நிறுத்தி, எல்லா அடையாளங்களையும் குறித்துக்கொண்ட பிறகே செயினையோ பெல்ட்டையோ விடுவிக்க வேண்டும்.

ராக்கர் தொகுப்பை எடுத்தபின் புஷ் ராடுகளை நேராக உருவ வேண்டாம். அடியில் ஆயில் ஒட்டுதலால் கேம் ஃபாலோயரும் கூடவே கிளம்பி வந்து சாய்ந்துவிடும். ராடைச் சற்றுச் சுழற்றி, பிடி விட்டது கையில் தெரிந்த பிறகு மெல்லத் தூக்குங்கள். ஒரு அட்டையில் எண்ணிட்ட துளைகள் போட்டு, எது எந்த இடத்தைச் சேர்ந்ததோ அதே வரிசையில் செருகி வையுங்கள். இத்தனை காலம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய முனைகள் இடம் மாறக் கூடாது. கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்த்தால் வளைந்த ராடு உடனே காட்டிக்கொடுக்கும்.

ஹெட் போல்ட்டுகளை முறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, வெளி ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளில் தளர்த்துங்கள். நீளம் வேறுபட்ட போல்ட்டுகள் இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டருக்கும் ஒரே வார்ப்பாக உள்ள ஹெட்டின் எடை 50 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், தூக்கும் கொக்கியில் மாட்டி, செயின் பிளாக் கொண்டு நேர் மேலே எடுப்பதே சரி. ஒட்டிக்கொண்டிருந்தால், கையேடு காட்டும் நெம்பும் இடத்தில் மட்டும் நெம்புங்கள். உளியையோ ஸ்குரூ டிரைவரையோ இரு பரப்புகளின் நடுவில் அடித்து நுழைத்தால் அந்தக் கீறல் வழியாகவே நாளை தண்ணீர் வரும். எடுத்த ஹெட்டைக் கட்டைகளின்மேல் வையுங்கள். இன்ஜெக்டர் முனைகளும் திறந்த வால்வுகளும் பரப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் வைத்தால் நசுங்கும்.

நான்காம் படி: கழற்றியதைப் படித்தல்

இந்த இடத்தில் துடைக்கும் துணியைக் கையிலெடுக்காதீர்கள். பழைய கேஸ்கட்டும் பிஸ்டன்களும் இப்போது இருக்கும் நிலையில்தான் உண்மையைச் சொல்லும். ஐந்து பிஸ்டன்களின் தலை கரி படிந்து மங்கலாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி விட்டது போலப் பளிச்சென்று, ஓரங்களில் பழுப்பு வளையத்தோடு இருந்தால், தண்ணீர் போனது அந்தச் சிலிண்டரில்தான். உள்ளே போன தண்ணீர் நீராவியாகிக் கரியைப் பெயர்த்திருக்கிறது. அதே சிலிண்டருக்கு நேராகக் கேஸ்கட்டின் நெருப்பு வளையத்தில் கருமை வெளியே கசிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் அது பிடிப்பின் குறை: தளர்ந்த போல்ட், வளைந்த பரப்பு, அமிழ்ந்த லைனர் ஆகியவற்றில் ஒன்று. கேஸ்கட்டில் தடமே இல்லாமல் பிஸ்டன் மட்டும் கழுவியிருந்தால் ஹெட்டில் விரிசல். பெரும்பாலும் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலோ, சீட்டிலிருந்து இன்ஜெக்டர் துளைக்கோ மயிரிழை போல ஓடும். ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: பிளாக்

சுத்தம் செய்வதற்குமுன் ஒவ்வொரு சிலிண்டரிலும் சுத்தமான துணியை அடைத்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான வட்டத்தில் கிரீஸ் பூசுங்கள். விழும் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். புஷ் ராடு துளைகளையும் ஆயில் வழிகளையும் மூடுங்கள். கேஸ்கட் மிச்சத்தை அகலமான ஸ்கிரேப்பரால் சாய்வாகச் சுரண்டி, கரைப்பானால் துடையுங்கள். டிரில்லில் மாட்டும் உரசும் வட்டுகள் வேலையை விரைவாக முடிக்கும் என்பது உண்மை. ஆனால் அவை பரப்பில் பள்ளம் தோண்டுவதோடு, உதிர்க்கும் அலுமினா தூள் ஆயிலோடு சேர்ந்து பேரிங்குகளுக்குப் போய்விடும். ஹெட் வேலை முடிந்த சில நாட்களில் பேரிங் போன என்ஜின்களின் கதையில் இந்த வட்டுக்கு அடிக்கடி இடமுண்டு.

வெட் லைனர் என்ஜினில் ஹெட் இல்லாத நேரத்தில் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுழற்றினால், பிஸ்டன் வளையங்கள் லைனரை மேலே இழுத்து, அடியிலுள்ள ரப்பர் வளையத்தின் இருக்கையைக் கலைத்துவிடும். ஆகவே வாஷரும் போல்ட்டும் கொண்டு லைனர்களை அழுத்திப் பிடித்த பிறகே சுழற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு லைனரும் பிளாக் பரப்புக்கு மேல் எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று டயல் கேஜில் நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர்தான் அந்தத் துருத்தல். ஆனால் நெருப்பு வளையத்தை அழுத்துவது அதுதான். ஒன்று பக்கத்து லைனரைவிடத் தாழ்ந்திருந்தால், அதன்மேல் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது. லைனரை உருவி, இருக்கையைச் சீர்செய்து, ஷிம் என்ற மெல்லிய வளையத் தகட்டை அடியில் கொடுத்துத்தான் உயர்த்த வேண்டும். மேலே சொன்ன கம்மின்ஸ் என்ஜினில் சிலிண்டர் நேராகப் பிளாக்கிலேயே கடையப்பட்டிருப்பதால் இந்த வேலை கிடையாது.

நேர்விளிம்புக் கோலைப் பிளாக்கின் மேல் நீளவாக்கில், குறுக்காக, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பாருங்கள். சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள குறுகிய பாலங்களையும், தண்ணீர்த் துளைகளின் ஓரம் அரித்துக் குழிந்திருக்கிறதா என்பதையும் தனியாகக் கவனியுங்கள். அடுத்து, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளாக் பரப்புக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று அளக்க வேண்டும். பிஸ்டன் பின்னின் அச்சுக்கு நேர் மேலே டயல் கேஜை வைத்தால் பிஸ்டனின் ஆட்டம் அளவைக் கெடுக்காது. பல என்ஜின்களுக்குக் கேஸ்கட் இரண்டு மூன்று தடிமன்களில் வருகிறது. ஓரத்திலுள்ள வெட்டுகளோ துளைகளோ எந்தத் தடிமன் என்று காட்டும். அதை முடிவு செய்வது இந்த அளவுதான்.

கடைசியாகப் போல்ட் துளைகள். புதிய மரை வெட்டும் டேப்பை விடாமல், மரையைத் துலக்கும் டேப்பை மட்டும் விடுங்கள். பிறகு காற்றால் ஊதி, அடியில் எட்டிப் பாருங்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். கண்ணுக்குக் காப்பு அணியாமல் ஊத வேண்டாம்.

ஆறாம் படி: ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்புதல்

புதிய ஹெட்டானாலும், புதுப்பித்ததானாலும், அழுத்தச் சோதனைச் சான்று இல்லாமல் பூட்ட வேண்டாம். தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சூடான நீரில் அமிழ்த்திப் பார்க்கும் முறையே நம்பகமானது. பல விரிசல்கள் உலோகம் சூடான பிறகுதான் வாய் திறக்கும். வார்ப்பிரும்பில் காந்தத்தூள் சோதனையும் நன்றாக விரிசலைக் காட்டும். அலுமினிய ஹெட்டில் காந்தம் வேலை செய்யாது. சாயம் ஊடுருவும் சோதனைதான் அதற்கு.

வளைவு அளவை மீறியிருந்தால், பரப்பைச் சீவிச் சமப்படுத்தும் ஃபேசிங் செய்வார்கள். ஆனால் எவ்வளவு உலோகம் போகிறது என்பதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஹெட்டின் உயரத்துக்குக் கீழெல்லை உண்டு. அதற்கு மேலே இருந்தாலும், உலோகம் குறையும்போது வால்வுத் தலைகள் பிஸ்டனை நெருங்குகின்றன, இன்ஜெக்டர் முனை அறைக்குள் கூடுதலாக நீள்கிறது. பெட்ரோல் என்ஜினைப் போல இங்கே தாராளமான இடைவெளி கிடையாது. ஆகவே ஃபேசிங்குக்குப் பிறகு வால்வுகள் பரப்பிலிருந்து எவ்வளவு உள்ளடங்கியிருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக அளந்து, குறைவாக இருந்தால் சீட்டை இறக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி உள்ளடங்கினாலும் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். வால்வுகளின் வழிகாட்டிக் குழாய்களின் தேய்மானம், ஸ்பிரிங் உயரம், சீட்டில் வால்வு பதியும் பட்டையின் அகலம் ஆகியவற்றையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம். சீட்டில் வால்வை அமர்த்தி, போர்ட்டில் டீசலை ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, அறைப்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. பட்டறையிலிருந்து வந்த ஹெட்டையும் நீங்களே ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டர்களை நாசில் சோதனைக்கு அனுப்ப இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. துளையின் அடியில் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவது வழக்கம். அதைக் காணாமல் புதியதை மேலே போட்டால் இரண்டு வாஷர் சேர்ந்து நாசிலை உயர்த்தும். தெளிப்பு பிஸ்டனின் குழியில் விழாமல் ஓரத்தில் விழுந்து கரும்புகை வரும். விளக்கு அடித்து, துளைக்கு ஒரு வாஷர்தான் என்று உறுதி செய்யுங்கள்.

ஏழாம் படி: போல்ட்டுகளும் பூட்டுதலும்

டார்க் ரெஞ்ச் அளப்பது பிடிப்பை அல்ல, திருப்பும் எதிர்ப்பை. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிப்பாக மாறுகிறது. மீதி, போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. அதனால் துருப்பிடித்த மரையில் ரெஞ்ச் கிளிக் என்று சொன்னாலும் உள்ளே பிடிப்பு பாதிகூட இருக்காது. மரையிலும் தலையின் அடிப்பரப்பிலும் லேசாக என்ஜின் ஆயில் தடவுவது இதற்காகத்தான். தண்ணீர் அறைக்குள் திறக்கும் துளைகளின் போல்ட்டுக்கு மட்டும் கையேடு சொல்லும் சீலன்ட். கோண முறையில், அதாவது கடைசியில் இத்தனை டிகிரி என்று அளந்து திருப்பி, முறுக்கப்படும் போல்ட்டுகளில் சிலவற்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். சிலவற்றை நீளம் அளந்து, எல்லைக்குள் இருந்தால் மறுபடி போடலாம். இடுப்பு மெலிந்தது, மரை இழுபட்டது எதுவாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். ராக்கருக்கு ஆயில் ஏறும் துளையில் உடல் மெலிந்த தனிப் போல்ட் வரும் என்ஜின்களும் உண்டு. அதை வேறு துளையில் போட்டால் ராக்கர்கள் ஆயிலின்றி ஓடும்.

புதிய கேஸ்கட்டைப் பழையதன்மேல் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிடுங்கள். சில தண்ணீர்த் துளைகள் பிளாக்கில் உள்ளதைவிடச் சிறியவையாக இருக்கும். ஓட்டத்தைப் பின் சிலிண்டர்கள் வரை பங்கிட அப்படி அமைத்திருக்கிறார்கள், குத்திப் பெரிதாக்க வேண்டாம். மேல்பக்கக் குறியைச் சரிபார்த்து, பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உலர்ந்த நிலையில் வையுங்கள். கையேடு சொல்லாதவரை கோந்து, பசை எதுவும் கூடாது.

தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்டுகளை எதிர் மூலைகளில் வழிகாட்டியாகச் செருகி, அவற்றின் வழியே ஹெட்டை இறக்கினால் கேஸ்கட் நகராது. வழிகாட்டிகளின் தலையில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கும் வெட்டு இருந்தால் பிறகு எடுப்பது எளிது. மூன்று சிலிண்டருக்கு ஒன்றாகவோ, சிலிண்டருக்கு ஒன்றாகவோ பிரிந்த ஹெட்டுகள் என்றால், முறுக்குவதற்குமுன் மேனிஃபோல்டு அமரும் பக்கத்தில் நேர்விளிம்பை வைத்து எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் மேனிஃபோல்டு உடையும், அல்லது அதன் கேஸ்கட் ஊதும்.

புஷ் ராடுகளைத் தத்தம் இடத்தில், கீழ் முனை ஃபாலோயரின் கிண்ணத்தில் அமர்ந்தது கைக்குத் தெரியும்படி வையுங்கள். ராக்கர் திருகுகளை முழுவதும் தளர்த்திய பிறகே ராக்கர் தொகுப்பைப் பொருத்த வேண்டும். சில என்ஜின்களில் ராக்கர் பீடத்தின் வழியே ஹெட் போல்ட் இறங்குவதால், இது முறுக்குவதற்கு முந்திய வேலை. முறுக்கும் வரிசை நடுவில் தொடங்கி, சுருளாக வெளியே போகும். கையேடு தரும் கட்டங்களில், ஒவ்வொரு கட்டத்தையும் எல்லாப் போல்ட்டுக்கும் முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். ரெஞ்சை உதறாமல், ஒரே சீராக இழுங்கள். கடைசிக் கட்டம் கோணமாக இருந்தால், ஒவ்வொரு தலையிலும் பெயின்டால் கோடு போட்டுத் திருப்பினால் எது முடிந்தது, எது விட்டுப்போனது என்ற குழப்பம் வராது. ஒரு போல்ட் மட்டும் எதிர்ப்பே காட்டாமல் இளகிக்கொண்டே போனால், நிறுத்தி வெளியே எடுத்துப் பாருங்கள்; மரை உரிந்துகொண்டிருக்கிறது.

எட்டாம் படி: டேப்பட் இடைவெளி

டேப்பட் இடைவெளி என்பது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி. ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-3-6-2-4 என்று உள்ள ஆறு சிலிண்டர் என்ஜினில் இரண்டே நிலைகளில் எல்லா வால்வுகளையும் முடிக்கலாம். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். அப்போது ஆறாம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி மற்றொன்று திறக்கும் நிலையில் ஆடும். முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் தளர்ந்திருக்கும். இந்த நிலையில் சரிசெய்ய வேண்டியவை இன்டேக் 1, 2, 4. எக்ஸாஸ்ட் 1, 3, 5. கிராங்க்கை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிய பிறகு இன்டேக் 3, 5, 6. எக்ஸாஸ்ட் 2, 4, 6. கம்மின்ஸ் 12 வால்வில் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசான இழுப்போடு வர வேண்டும்; லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை செருகிப் பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போது திருகு சற்றே கூடச் சுழலும்.

ஒன்பதாம் படி: முதல் ஸ்டார்ட்

ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள்; எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சொட்டுத் தண்ணீர் சம்ப்பில் இறங்கியிருக்கும். டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை விட்டு, சுழலியைக் கையால் சுற்றிவிடுங்கள். ஹீட்டர் குழாயின் வால்வைத் திறந்து வைத்து, காற்று வெளியேறும் திருகுகளைத் தளர்த்தி, கூலன்ட்டை மெதுவாக நிரப்புங்கள். அவசரமாக ஊற்றினால் ஹெட்டின் உச்சியில் காற்று அடைபட்டு, தண்ணீர் நிறைந்திருந்தும் ஹெட் காயும்.

ஃபில்டரிலும் பம்பிலும் கைப்பம்பால் ஏர் எடுத்த பிறகு, ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி ஆயில் பிரஷர் காட்டும் வரை செல்ஃப் அடியுங்கள். அடுத்து இன்ஜெக்டர் பக்க நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, டீசல் குமிழி இல்லாமல் வரும் வரை சுற்றி, இறுக்குங்கள். இந்த நேரத்தில் கையோ முகமோ அருகில் வரக் கூடாது. இன்ஜெக்டரிலிருந்து தெளிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். வேகம் கட்டுக்கு மீறினால் காற்று வாயை அடைக்க, ஒரு தட்டையான பலகையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருங்கள். உள்ளங்கையால் அடைக்க முயலக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷரையும், எல்லா டீசல் இணைப்புகளையும், ரேடியேட்டர் வாயையும் பாருங்கள். தொடக்கத்தில் வரும் சில குமிழிகள் அடைபட்ட காற்று. தெர்மோஸ்டாட் திறந்த பிறகும் விடாமல் ஒரே சீராக வந்தால் அது வேறு கதை. சூடேறிய பிறகு மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் எப்படிச் சூடாகின்றன என்று தொட்டுப் பார்த்து, ஹீட்டர் வெப்பம் தருகிறதா என்று உறுதி செய்து, முழுக்கக் குளிர விட்டுக் கூலன்ட் அளவைச் சரிசெய்யுங்கள். முதல் ஓட்டம் சுமையில்லாமல் இருக்கட்டும்.

பழைய வகைக் கலவைக் கேஸ்கட்டுகள் சூட்டில் சற்று அமுங்கும் என்பதால், ஓடிக் குளிர்ந்த பிறகு மீண்டும் முறுக்க வேண்டும் என்று அவற்றின் கையேடுகள் கேட்கும். அப்போது போல்ட்டுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாக, சற்றுத் தளர்த்தி அளவுக்கு இறுக்க வேண்டும். மொத்தமாகத் தளர்த்தக் கூடாது. கோண முறையில் முறுக்கியவற்றுக்கு இது பெரும்பாலும் தேவையில்லை. கையேடு சொல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். மறுமுறுக்கு செய்த என்ஜினில் டேப்பட் இடைவெளியை மீண்டும் பார்த்தாக வேண்டும், ஹெட் இறங்கிய அளவுக்கு அது குறைந்திருக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்த வரலாறு உள்ள என்ஜினுக்கு, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இன்னொரு முறை மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.